மச்சறைக் குளிர்

"மேல ஒரேயடியா விறைக்குது ஹாவர்ட்," என்று சொல்லிக்கொண்டே டாம்சின் அன்றும் போர்வையும் கையுமாகச் சமையலறைக்கு இறங்கி வந்தாள்.

ஹாவர்டுக்கு முகம் தொங்கிப்போயிற்று. டாம்சின் அவர் பெற்ற மகள் இல்லை. மனைவி ரோஸ்மேரியின் முதல் கல்யாணத்து மகள். ரோஸ்மேரி போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. பெற்ற அப்பாவோ பிரிஸ்டலிலிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். குளிருக்குப் பயந்து இவளும் கிளம்பிவிட்டால், ஹாலிஃபாக்ஸில் இந்த வீட்டில் அவர் பேச்சுக்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"சனிக்கிழமை சரி பண்ணிடறேம்மா."

"ஒண்ணும் அவசரமில்ல. டோஸ்ட் இருக்கா?"

வழக்கம்போல இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய குறுக்கெழுத்தில் இருந்த தப்புகளையெல்லாம் அடித்துத் திருத்திவிட்டுத்தான் போனாள்.

ஆயுளில் ஓர் ஆணி அடித்தறியாத மனிதர், குளிர் தடுக்கும் நுரைப்பலகைகள் எட்டு வாங்கிவந்தார். ஓட்டுக்கு அடியில் இருந்த அவள் மச்சறைக்குப் படி குறுகல், பலகை திரும்பவில்லை. பாதியாக அறுத்தார். சாய்வுக் கூரையில் அறைந்தபோது நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அதற்குள் பசை நுரையைப் பீய்ச்சினார். அது மாவு போலப் பொங்கி, ஜன்னலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது.

காற்று புகாத அறையில் கண்ணாடி வியர்த்து, தலையணையில் சொட்டியது. ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு மின்விசிறி மாட்டினார். அது போட்ட இரைச்சலில் டாம்சின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். கூரை வேறு ஒரு சாண் இறங்கிவிட்டதால், உயரமான பெண் சொந்த அறையில் கூனிக்கொண்டு நடந்தாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"கதகதன்னு இருக்கு," என்றாள், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

ஹாவர்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த ஜோரில் ஒரு கெட்டிலும் வாங்கி, அவள் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

"இனிமே டீக்காகக்கூட நீ கீழ வர வேண்டாம்!"

டாம்சின் அந்தக் கெட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி ஹாவர்ட்."

சொன்னபடியே அவள் வரவில்லை. தினமும் இரண்டு கோப்பை எடுத்து வைப்பார். ஒன்றைத் திருப்பி வைப்பார். மாடிப்படியில் நின்று கூப்பிட்டால் விசிறிக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் யார் காதில் விழும்? பத்தாம் நாள் அவளே இறங்கி வந்தாள், பெட்டியோடு.

"அப்பா கூப்பிட்டுட்டே இருக்கார். அங்க போலாம்னு இருக்கேன்."

"இன்னும் குளிருதாம்மா?"

"இல்ல. குளிரே இல்ல," என்றாள். கண் கலங்கியிருந்தது. பசை நுரையின் நெடி என்று நினைத்துக்கொண்டார் அந்தப் புத்திசாலி.

அவள் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. எங்கோ ஒரு பலகையைச் சரியாகப் பொருத்தவில்லை, அதுதான் பெண் போய்விட்டாள் என்று மனசு அரித்தது. ஹாவர்ட் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே மச்சறையைக் கட்டிக்கொடுத்த கெவினைக் கூப்பிட்டார்.

கெவின் மேலே போய், ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"எதுக்கு இந்தக் கூத்து? அந்தக் காலத்துலயே குளிர் புகாம உள்ள ஆறு அங்குலம் கம்பளிப் பஞ்சு அடைச்சிருக்கேனே!"

"நீங்க அடைச்சு என்ன? தாங்க முடியலன்னுதானே அந்தப் பொண்ணு தினமும் இங்க வந்து உட்கார்ந்தா!"

கெவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, மேல்கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இங்கயா? இந்த வீட்டுலயே ரொம்பக் குளிரான இடம் உங்க சமையலறைதான், ஹாவர்ட்."