பிரதமர் வைத்தனுப்பிய ஐந்து டொலர்

அன்றைக்கு எங்கள் குசினியில் இருந்தவர்கள் நாலு பேர். நான், என் மனைவி, மேல்மாடியில் குடியிருந்த, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சென்னை ரமேஷ், கீழ்வீட்டு முப்பத்திமூன்றண்ணை. மேசைமேல் என் கடைசிச் சம்பளச் சிட்டை கிடந்தது. அதையும் ஓர் ஆளாக எண்ணலாம். எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கனடாவின் மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழர்களிலேயே 1933ஆம் ஆண்டில் குடியிருந்த ஒரே மனிதர் முப்பத்திமூன்றண்ணைதான். நாங்களெல்லாம் 2008இல் இருந்தோம். அவர் அங்கிருந்து வேலைக்குப் போய், அங்கேயே திரும்பி வந்தார். அவருடைய சொந்தப் பெயர் வாடகைப் பத்திரத்தில் இருந்திருக்கும். வேறெங்கும் நான் கேட்டதில்லை.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. அங்கிருந்த வயதானவர்கள், சொந்தப் பிள்ளைகளுக்குக் கேட்க நேரமில்லாத கதைகளையெல்லாம் இவருக்குச் சொன்னார்கள். எல்லாம் முப்பதுகளின் பெருமந்தக் கதை. நாடு முழுக்க வேலையில்லை, ஒரு கோப்பை சூப்புக்கு வரிசை. கார் வைத்திருந்தவனுக்குப் பெட்ரோலுக்குக் காசில்லை; எஞ்சினைக் கழற்றிவிட்டுக் காரைக் குதிரையில் பூட்டினான். அந்த வண்டிக்கு அப்போதைய பிரதமரின் பெயரையே வைத்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். இவர் நிலத்தைத் துடைத்தபடி கேட்டார். கேட்டதெல்லாம் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"நாங்கள் முப்பத்திமூண்டிலை பட்ட பாடு..." என்றுதான் எந்தக் கதையையும் தொடங்குவார். அவர் பிறந்தது ஐம்பத்தைந்தில், கோப்பாயில்.

என் சிநேகிதன் ஒருவன் கார் வாங்கி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டுப் பெருமையாக நின்றான். அண்ணை காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார், தடவினார், சாணால் அளந்தார்.

"கார் திறம் தம்பி. குதிரையை எதிலை கட்டப்போறாய்?"

அவன் இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை "மொன்றியலிலை ஆரும் காட்டாத ஒரு இடம் காட்டுறன்" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி பட்டுச்சேலை உடுத்து, அதற்குமேல் குளிர்க்கோட்டும் போட்டு வந்தா. பனிக்குள் அரைமணி நேரம் நடந்து போய்ப் பார்த்தது, பூட்டிக் கிடந்த ஒரு கல் கட்டடம்.

"வேலையில்லாத சனத்துக்கு வேலை குடுக்கவெண்டு அந்த நேரம் நகரசபை கட்டினது. வடிவாப் பாருங்கோ, என்ன கல்வேலை!"

"என்ன கோயிலண்ணை?" என்றா மனைவி.

"கக்கூசு பிள்ளை."

தேர்தலுக்கு வாக்குக் கேட்டு ஒரு பெண் கதவைத் தட்டினாள். அண்ணை அவளை வாசலிலேயே நிறுத்தி, வேலையற்ற ஆண்களைக் காட்டு முகாமில் அடைத்து நாளுக்கு இருபது சதம் கொடுத்தது நியாயமா என்று விசாரித்தார். பாவம், அவள் தன் கட்சி செய்ததோ என்று பயந்து இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லை, இனிமேல் செய்யாதேங்கோ" என்று அனுப்பிவைத்தார்.

வங்கியையும் அவர் நம்புவதில்லை. காசெல்லாம் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள். கரப்பான் அரிக்காமலிருக்க அதற்குள் ஒரு பிடி கராம்பு.

சரி, சம்பளச் சிட்டைக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை நான் போனபோது எங்கள் தையல் தொழிற்சாலைக் கதவில் சங்கிலி தொங்கியது. முதலாளியைக் காணவில்லை. வேலை போனவருக்கு அரசாங்கம் கொடுக்கும் காசை இங்கே சோமாஜ் என்போம். அதற்கு முதலாளி ஒரு கடதாசி தரவேண்டும். முதலாளியே இல்லை, கடதாசிக்கு எங்கே போவேன்? சோமாஜ் கந்தோரில் "கடதாசியைக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். நான் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். திரும்ப ஏழு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கந்தோர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படுத்தால் கணக்கு ஓடும்: சோமாஜ் வராவிட்டால் வெல்ஃபேர், வெல்ஃபேர் எடுத்தால் ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் நின்றுவிடும், அது நின்றால் அம்மாவை இனி எப்போது பார்ப்பது?

"வாய் இருக்கெல்லே? போய்க் கேளுங்கோவன்" என்று அன்றைக்குக் குசினியிலும் சொன்னா மனைவி.

"பேந்து போறன்."

அப்போதுதான் அண்ணை மேசையில் தட்டினார். "பிரதமருக்கு எழுதுவம்."

ரமேஷ் குடித்த தேநீர் மூக்கால் வந்தது. "பிரதமருக்கா? அவர் படிப்பாரா அண்ணா?"

"முப்பத்திமூண்டிலை சனம் எழுதினது. பிரதமர் தன்ர சொந்தக் காசிலை அஞ்சு டொலர் வைச்சுப் பதில் போட்டவர்."

"அதுக்கப்புறம் எத்தனை பேர் மாறியாச்சு!"

"ஆள் மாறினால் என்ன? இருக்கிற கதிரை அதுதானே. முத்திரைகூட ஒட்டத் தேவையில்லை, தெரியுமோ?"

முதியோர் இல்லத்தில் பழகிய ஆங்கிலத்தில் அண்ணையே எழுதினார். "இன்னும் காரைக் குதிரையில் பூட்டும் நிலைக்கு நாங்கள் வரவில்லை, எங்களிடம் கார் இல்லை" என்று நடுவில் ஒரு வரி. முடிவில் "தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்". நான் கையெழுத்து வைத்தேன்.

தைமாதம் ஒருநாள் அண்ணை படியேறி மூச்சிரைக்க வந்தார். கையில் கடித உறை. "கீழைப் பெட்டிக்குள்ளை கிடந்தது. ஒட்டாவாவிலையிருந்து!"

பிரித்தேன். கடிதம் கிடைத்தது, உரிய அமைச்சுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று இரண்டு வரி. அதோடு மடித்த ஐந்து டொலர் நோட்டு. நோட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உறையின் வாயில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். பிரதமர் கந்தோரிலேயே பசைக்குப் பதில் சோற்றால் ஒட்டுகிறார்களென்றால் நாடு எவ்வளவு கஷ்டத்தில் இருக்கிறது என்று எனக்கு அந்தக் கவலையும் பிடித்தது.

மனைவி நோட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனா. அண்ணையைப் பார்த்தா. தேநீர் போட எழும்பிப் போனா.

மறுநாள் காலை கந்தோருக்குப் போனேன். பிரதமரே காசு வைத்துக் கடிதம் எழுதிய ஆள், இனி ஆருக்குப் பயம்? கடிதத்தையும் ஐந்து டொலரையும் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். அங்கே இருந்த பெண் லஞ்சமென்று பயந்து நோட்டைத் திருப்பித் தள்ளினாள். நான் விடவில்லை. பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மீதி கையால், சங்கிலிக் கதவிலிருந்து அம்மாவரை முழுக்கச் சொன்னேன்.

"சம்பளச் சிட்டைகள் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கு."

"அதை வைத்தே தொடங்கலாமே. முதலே ஏன் சொல்லவில்லை?"

முதலே நான் சொன்னது மெர்சி மட்டும்தானே.

மூன்று கிழமையில் நிலுவையோடு காசு வந்தது. ஸ்பொன்சர் நிற்கவில்லை. அம்மா பிந்தித்தான் வந்தா, ஆனால் வந்தா. ஐந்து டொலரை நான் செலவழிக்கவில்லை; பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

அந்த வருட இலையுதிர்காலத்தில் அண்ணை மகளோடு இருக்க ரொறொன்ரோ போனார். சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன். பால்மாப் பேணியைத் தூக்கியபோது மூடி கழன்றது. கராம்பு வாசம் குப்பென்று வந்தது. எங்கள் பிள்ளையாருக்குப் பின்னால் எட்டு மாதமாக வந்த அதே வாசம்.

ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். "அண்ணை, இது உங்கட."

"என்ர இல்லை. பிரதமரின்ர."

"சோத்துப் பருக்கையும் பிரதமரின்ரயோ?"

அவர் சாமான் ஏற்றிய வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். "முப்பத்திமூண்டிலை அந்தக் காசை ஒருத்தரும் திருப்பிக் குடுக்கேல்லைத் தம்பி."

அதற்குப் பிறகு ரொறொன்ரோவுக்கு நாலு தரம் போய்விட்டேன். ஒவ்வொரு தரமும் நோட்டைச் சட்டைப்பையில் கொண்டுபோய், ஒவ்வொரு தரமும் கொண்டு திரும்புகிறேன். அவருக்கு நான் இன்னும் தரவேண்டியது, கராம்பு மணக்கும் ஐந்து டொலர்.