குடைக்காரனைப் படைத்தவர்

"ஏங்க, என் ஹேர் டிரையர் எங்க?"

குளியலறை வாசலில் ஈரத் தலையோடு மனைவி நின்றாள். ஹேர் டிரையர் ஹாலில் இருந்தது. ஒரு பழைய வீடியோ கேம் கேசட்டுக்கு அது மும்முரமாகச் சூடு காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவள் கணவன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவன் தொழில். வீட்டில் அவனுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர்.

"ஒரு நிமிஷம் இரு. லேபிளுக்கு அடியில பேர் இருக்கலாம்."

"யார் பேர்?"

"அதைத்தானே தேடிக்கிட்டிருக்கேன்!"

லேபிள் உரிந்து வந்தது. அடியில் பசை இருந்தது, பெயர் இல்லை. போதாக்குறைக்குக் கேசட்டின் ஒரு மூலை இளகிக் கோணிக்கொண்டது. மனைவி டிரையரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பழைய சாமான் கடையில் மேசை விளக்கு வாங்கப் போனபோது கண்ணில் பட்ட கேசட் அது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தான். தலைப்பு இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை. குடை பிடித்த ஒரு மனிதன் காலியான கட்டடத்துக்குள் நடக்கிறான். கதவைத் திறந்தால் இன்னொரு கதவு. கடைசி அறையில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்துவிடும். எந்தக் கடையிலும் இப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததாகத் தகவலே இல்லை.

ஆராய்ச்சிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக்கை முகர்ந்து பார்த்து, 'முப்பத்தைந்து வருடப் பழசு' என்று தீர்ப்புச் சொன்னான். இணையத்தில் 'வெளிவராத விளையாட்டுகள் ஆய்வு மன்றம்' என்ற குழுவில் படத்தோடு போட்டான். அதுவரை அந்த மன்றத்தில் அவன் எழுதியதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது மன்றமே அவன் காலடியில் கிடந்தது. குடை தனிமையின் குறியீடு என்றார் ஒருவர். இல்லை, அது அதிகாரத்தின் குறியீடு என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் மூன்று நாள் அடித்துக்கொண்டு, மன்றத்தைவிட்டே வெளியேறினார்கள்.

மன்றத்தின் தலைவருக்குப் 'பிக்சல் பெரியவர்' என்று பட்டப்பெயர். அவர்தான் அன்று காலை தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்.

"தம்பி, செஞ்சது யாருன்னு கண்டுபிடிச்சீங்களா இல்லையா?"

"தேடிக்கிட்டு இருக்கேன் சார்."

"உங்களால முடியலேன்னா விட்டுடுங்க. கேசட்டை எனக்குக் கூரியர்ல அனுப்புங்க. ஆராய்ச்சியை நான் பார்த்துக்கறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைக்கு வந்த புகழைக் கூரியரில் அனுப்ப யாருக்கு மனம் வரும்? அன்று மதியமே மன்றத்தில் எழுதினான்: 'செய்தவரைக் கண்டுபிடித்துவிட்டேன். தன் பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை.'

பதில் சூடாக வந்தது. 'பெயர் வேண்டாம். ஒரு போட்டோவாவது போடுங்கள்!'

அலமாரியில் மாமனாரின் பழைய போட்டோ ஒன்று இருந்தது. லாரி எடை மேடையில் அவர் வேலை பார்த்த காலத்தில் எடுத்தது. மீசையும் விறைப்புமாக இளைஞர் ஒருவர். பின்னால் நிறைய விளக்குகளும் குமிழ்களும் வைத்த ஒரு பெரிய இயந்திரப் பலகை. லாரி எத்தனை டன் என்று காட்டும் பலகைதான். ஆனால் பார்க்கிறவனுக்கு ஏதோ மேதை தன் கருவியோடு நிற்கிற மாதிரி இருக்கும். ஆராய்ச்சி அதைப் போட்டான்.

'அந்தக் கண்களைப் பாருங்கள்! அதில்தான் எத்தனை கதவுகள்!' என்று எழுதினார் பிக்சல் பெரியவர்.

மாமனார் அப்போது பக்கத்து அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தன் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் வீட்டில் அவர் பேசிய பேச்செல்லாம் ஒரே எழுத்துதான். சாப்பிடறீங்களா மாமா? ம். டிவி போடட்டுமா? ம். தெருவில் லாரி போனால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

மறுவாரம் மனைவி கையில் போனோடு வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"நான் வேலை பார்க்கற ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் இதைக் காட்டறார். 'மர்ம மேதை'யாம். இது எங்க அப்பாதானே?"

"பழைய போட்டோ. யாருக்கும் அடையாளம் தெரியாது."

"எனக்குத் தெரியுதே! மன்றமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். உடனே முடிச்சுக்கட்டுங்க."

முடித்துக்கட்டத்தான் நினைத்தான் ஆராய்ச்சி. இனிமேல் யாரும் அந்த மனிதரைத் தேடிக்கொண்டு வரக் கூடாது. அதற்கு ஒரே வழிதான் அவனுக்குத் தோன்றியது. மன்றத்தில் கனத்த இதயத்தோடு எழுதினான்: 'அந்த மேதை நேற்று காலமானார்.'

மன்றம் கண்ணீரில் மிதந்தது. பிக்சல் பெரியவர் இரங்கல் கூட்டம் நடத்தினார். அந்த மேதையோடு தான் ஒருமுறை ரயிலில் பயணம் செய்ததாக ஒருவர் நினைவுகூர்ந்தார்.

இரண்டு நாள் கழித்து, முடி வெட்டிக்கொள்ளப் போன மாமனார் பாதித் தலையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார். கழுத்தில் துண்டுகூட அப்படியே இருந்தது.

"மாப்பிள்ளை," என்றார். மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதன் பின்னால் வந்தது: "நான் எப்ப செத்தேன்?"

ஆராய்ச்சி எழுந்து நின்றான். "மாமா..."

"சலூன்ல பக்கத்து நாற்காலிக்காரன் என் மீசையைப் பார்த்துட்டு ஓன்னு அழறான். 'ஐயா, உயிரோடதான் இருக்கீங்களா'ங்கறான். கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறான். நான் ஏதோ குடை செஞ்சேனாமே?"

மனைவி கணவனைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரிந்திருக்கும். வேறு வழியில்லாமல் ஆராய்ச்சி எல்லாவற்றையும் கொட்டினான். கேசட், போட்டோ, சாவு வரை. மாமனார் பொறுமையாகக் கேட்டார். இப்போது எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"அந்த விளையாட்டைப் போடு. பார்ப்போம்," என்றார் அவர்.

"அப்பா, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"நான்தானே செஞ்சேன்? எனக்கே தெரியாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

சலூனில் அழுதவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், மேதை உயிர்த்தெழுந்த செய்தியை இனி மறைக்க முடியாது. பிக்சல் பெரியவர் வீடியோ காலில் பேட்டி கேட்டார். மீதித் தலையையும் வெட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் மாமனார் வந்து உட்கார்ந்தார். கேமராவுக்குத் தெரியாமல் மேசைக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ஐயா, அவன் ஏன் குடை பிடிச்சிருக்கான்?"

மாமனார் யோசித்தார். "மழையா இருந்திருக்கும்."

"கட்டடத்துக்குள்ளயா?"

"ஒழுகின கட்டடம்."

பிக்சல் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஒழுகும் அதிகார அமைப்பு! சரி ஐயா, கடைசி அறையில நாற்காலி ஏன் காலியா இருக்கு?"

"உட்கார்ந்திருந்தவன் எழுந்து போயிட்டான்."

அந்தப் பதிலுக்கு மன்றத்தில் நான்கு கட்டுரைகள் வந்தன. ஒன்று தொடர்கட்டுரை.

அதன் பிறகு வீடு மாறிப்போனது. மாமனார் காலையில் எழுந்ததும் ஷேவ் செய்துகொண்டார். ரசிகர்களின் கேள்விகளுக்குப் போனிலேயே பதில் எழுதினார். சாப்பாட்டு மேசையில் பேச்சு நிற்கவே இல்லை. இரண்டாம் பாகத்தில் குடைக்காரனுக்கு ஒரு தங்கையைக் கொண்டுவரலாமா என்று மகளிடம் அபிப்பிராயம் கேட்டார். அவளும் கோபத்தை மறந்து, "தங்கைக்கும் குடை குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. நகரத்தில் புதிதாக ஒரு வீடியோ கேம் மியூசியம் திறக்கிறார்கள். திறப்பு விழா மேடையில் குடைக்காரனைப் படைத்தவருக்குக் கேடயம் கொடுத்துக் கௌரவிக்கப் போகிறார்கள்.

மாமனார் புது கோட்டுக்கு அளவு கொடுக்கக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"இதுவரைக்கும் போன்ல நடந்தது சரி. அது மேடை. விவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் எழுந்து, 'எந்த மெஷின்ல செஞ்சீங்க'ன்னு கேட்டா அப்பா என்ன சொல்லுவார்?"

"ஏதாவது சமாளிப்பார்."

"விளையாடறீங்களா? இத்தனை பேர் முன்னாடி அவர் பொய்யர்னு ஆயிட்டா, அப்புறம் அந்த ஜன்னலைவிட்டு எழுந்திரிக்கவே மாட்டார்." அவள் குரல் உடைந்தது. "அப்பா இப்படிச் சிரிச்சு எவ்வளவு காலமாச்சு தெரியுமா? அவரைத் தலைகுனிய விட்டுடாதீங்க. மியூசியத்துக்காரங்ககிட்ட நீங்களே முன்னாடி போய் உண்மையைச் சொல்லிடுங்க. திட்டுறதை உங்களைத் திட்டட்டும்."

ஆராய்ச்சி தலையாட்டினான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டு, விழா நாளே வந்துவிட்டது.

மியூசிய வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்து போயிற்று. பாதிப் பேர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் குடைப் படம் போட்ட பனியனில் வந்திருந்தார்கள். புது கோட்டோடு மாமனார் காரிலிருந்து இறங்கியதும் ஒரே ஆரவாரம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த பிக்சல் பெரியவர், "ஐயா, செத்ததும் உங்க படைப்புல ஒரு பகுதிதானே?" என்று கேட்டார். "பின்னே?" என்றார் மாமனார்.

இனித் தள்ளிப்போட முடியாது என்று ஆராய்ச்சிக்குப் புரிந்தது. மியூசியத்தின் இயக்குநர் அம்மாள் வாசலில் எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவரை, "ஒரு முக்கியமான விஷயம் மேடம்," என்று கெஞ்சி, பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அம்மாள் உட்கார்ந்தார்; நாற்காலி இருந்தும் அவன் உட்காரவில்லை.

"மேடம், எங்க மாமனார் அந்த கேமைச் செய்யலை. அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. லாரி எடை போட்டவர். அவர் மேல தப்பே இல்லை. பேர் வாங்கணுங்கற ஆசையில நான்தான் புளுகினேன். அவரைத் தயவுசெஞ்சு மேடையில ஏத்தாதீங்க. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க. மன்னிப்பை நான் எங்க வேணும்னாலும் எழுதித் தர்றேன். செஞ்சவர் யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அம்மாள் அசையாமல் கேட்டார். வெளியே கைதட்டல் கிளம்பியது. மாமனார் மேடைப்படி ஏறிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அம்மாள் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். போலீஸைத்தான் கூப்பிடப் போகிறார் என்று ஆராய்ச்சிக்கு வியர்த்துக் கொட்டியது.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்," என்றார் அம்மாள். "போன வருஷம் நாங்கதான் அதைச் செஞ்சு, மியூசியத்துக்குக் கூட்டம் சேரட்டும்னு பழைய சாமான் கடையில போட்டு வெச்சோம், 'நான்தான் செஞ்சேன்'னு இதுவரைக்கும் ஆறு பேர் கிளம்பிட்டாங்க, அதுல உங்க மாமனார் ஒருத்தர்தான் நாங்களே நம்பற மாதிரி இருந்தார்!"