சசிதரன் வளர்த்த கியாம்பாங்

தண்ணீரில் மிதக்கிற செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் போல ஒரு முட்டாள்தனம் உலகத்தில் கிடையாது என்பது சசிதரனின் கட்சி. மலேசியாவில் பகாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஸ்டோர் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த உர மூட்டை, போன உர மூட்டை, இரண்டையும் எழுதி வைத்தது தவிர மண்ணைத் தொட்டதில்லை. ஆனாலும் பயிர் பச்சை விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஏதும் மிச்சமில்லை என்று நம்பினார். நம்புவதற்குச் செலவா, சிரமமா?

அவர் மனைவி மோகனா, வீட்டு வாசலில் சிமெண்டுத் தொட்டி கட்டி கியாம்பாங் வளர்த்தாள். ஊரில் ஆகாயத் தாமரை என்பார்களே, அதுதான். குட்டி முட்டைக்கோஸ் விரிந்த மாதிரி பச்சைப் பசேலென்று மிதக்கும். வேர் தண்ணீருக்குள் தாடி போலத் தொங்கும். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்ற வற்ற ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் மருந்து இருப்பதால் முதல் நாளே வாளியில் பிடித்து வைத்து மறுநாள்தான் ஊற்ற வேண்டும். நான்கு வாளி பிடித்து வைக்கும் வேலை சசிதரனுடையது. அந்த நான்கு வாளிக்கு அவர் முனகும் முனகலில் ஒரு லாரி மலை ஏறிவிடும்.

அம்பாங்கானில் இருக்கும் மகள் ரோகினிக்குக் குழந்தை பிறந்தது. மோகனா பத்து நாள் துணைக்குக் கிளம்பினாள்.

"என்னங்க, தண்ணிய ஓரமா ஊத்துங்க. இலை மேல படக்கூடாது. மஞ்சளான இலையக் கிள்ளிப் போடுங்க. பதினோரு மணிக்கு மேல வலைய இழுத்து விடுங்க, உச்சி வெயில் ஆகாது."

"பேரனுக்குக்கூட இவ்வளவு பக்குவம் இருக்காதுலா."

"பேரனப் பாத்துக்க ரோகினி இருக்கா. இதப் பாத்துக்க நீங்கதானே இருக்கீங்க. அதான் சொல்றேன்."

"இது காட்டுச் செடி மோகனா. தண்ணி நின்னா தானா வரும். நீ சொன்ன ஒண்ணையும் செய்யாம நான் வளர்த்துக் காட்டறேன். நீ வர்றப்ப பச்சையா இருந்தா, இனிமே நான் வாளியத் தொட மாட்டேன்."

"செத்துப் போனா?"

"ஆயுசுக்கும் நானே ஊத்தறேன்."

"சரிங்க," என்றாள் மோகனா. இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னாளே என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை. பழக்கமில்லை.

முதல் நான்கு நாள் தொட்டிப் பக்கமே போகவில்லை. அந்த வாரம் பார்த்து வெயில் கொளுத்தியது. ஐந்தாம் நாள் எட்டிப் பார்த்தபோது தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. இலைகள் ஓரம் கருகித் துவண்டு கிடந்தன. உச்சி வெயிலில் குழாயைத் திறந்து, இலை மேலேயே பீய்ச்சி அடித்தார். மறுநாள் இன்னும் மோசம். 'சத்துக் குறைவு' என்று கண்டுபிடித்தார். கொல்லையில் கிடந்த யூரியாவில் இரண்டு கை போதும் என்று எடுத்தவர், மோகனா அசந்து போகட்டும் என்று நான்கு கையாகப் போட்டார். எட்டாம் நாள் தொட்டியில் செடி இல்லை. ஆறிப்போன கீரை மசியல் இருந்தது. வாடையும் இருந்தது.

அன்று சாயங்காலம் மோகனா வீடியோ காலில் வந்தாள்.

"கியாம்பாங் எப்படி இருக்கு?"

"பளபளன்னு இருக்கு."

"கொஞ்சம் காட்டுங்க."

"போன்ல கேமரா கெட்டுப்போச்சு."

"உங்க மூஞ்சி தெரியுதே."

"இந்தப் பக்கம் தெரியும். அந்தப் பக்கம்தான் தெரியாது."

"அப்படியா," என்று மோகனா பேரன் கதைக்குப் போய்விட்டாள். தப்பித்தோம் என்று சசிதரன் துண்டால் முகம் துடைத்தார்.

பக்கத்து வீட்டு மைக்கல்ராஜிடம் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன்.

"பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால குளம் இருக்குல்ல அண்ணே, அது பூரா இதுதான். யாரும் கேட்க மாட்டாங்க."

"உன் பொண்டாட்டி ஃபிளோராகிட்ட மூச்சு விட்டுடாதப்பா."

"நான் ஏன்ணே சொல்லப் போறேன்," என்றான் மைக்கல்ராஜ், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

மோகனா வரும் நாள் விடிந்ததும் சசிதரன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். குளத்தில் இடுப்பளவு சேற்றில் இறங்கினார். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. அறுபத்திரண்டு வயதில் சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்து, மசியலை வாரிக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, புதுச் செடிகளை வரிசையாக மிதக்க விட்டார். சேற்றுக் காலை அப்படியே குழாயில் காட்டிவிட்டுச் சட்டையை மாற்றும்போது கார் சத்தம் கேட்டது.

மருமகன் ஷங்கர் மோகனாவை இறக்கிவிட்டான். அவள் தொட்டியைப் பார்த்தாள். அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

அது போதும் சசிதரனுக்கு. நாற்காலியைப் போட்டு மருமகனை உட்கார வைத்தார். "செடிங்கிறது ஒரு நம்பிக்கை மாப்பிள்ளை. வாளி, வலை எல்லாம் பொம்பளைங்க பயம். நான் ஒரு சொட்டு ஊத்தல. அதட்டி வளர்த்தேன்." அரை மணி நேரம் போயிற்று. மோகனா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, தூணில் சாய்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அப்போது ஃபிளோரா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் அகலமான பேசின். பின்னால் மைக்கல்ராஜ் இன்னொரு பேசினோடு, சசிதரன் இருக்கும் திசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாத் திசையையும் பார்த்தபடி வந்தான்.

"மோகனாக்கா, இந்தாங்க உங்க கியாம்பாங். பத்து நாள்ல பதினெட்டுக் குட்டி விட்டிருக்கு."

சசிதரன் பேசினைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"அப்ப நான் பாத்துக்கிட்டது?"

"ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் ரப்பர் ஸ்டோர் குளத்துலேருந்து அள்ளிட்டு வந்து போட்டது," என்றாள் மோகனா. "நல்லா இருந்த கறிவேப்பிலை மரத்துக்கு உரம் போட்டே கொன்ன கைங்க. நம்பி விட்டுட்டுப் போவேனா?"

ஷங்கர் தேத்தண்ணிக் கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

சசிதரன் எழுந்தார். முப்பது வருஷக் கிராணியின் கம்பீரத்தில் மிச்சம் இருந்ததைத் திரட்டினார்.

"அந்தச் செடியாவது சாகாமத்தானே இருக்கு? அதையே பத்து நாள் காப்பாத்தியிருக்கேன்ல? பந்தயம் பந்தயம்தான்."

"சரிங்க, நீங்களே ஜெயிச்சீங்க," என்றாள் மோகனா. "முதல்ல போய் உப்பு எடுத்துட்டு வாங்க. நான் கார விட்டு எறங்கினதுலேருந்து குளத்து அட்டை ஒண்ணு உங்க கணுக்கால்ல தொங்குது."