கூடுவாஞ்சேரி கடை ஸ்க்ரூ

பொத்தேரி வழியாகப் போகும் ரயில்களைப் பற்றி ரயில்வேக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்தவர் எங்கள் டைம்டேபிள் அண்ணாத்ததான். ரயில் ஏறுவதற்காக அல்ல, திட்டுவதற்காக. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவர் எட்டாம் வருட ஆராய்ச்சி மாணவர், நான் மூன்றாம் வருடம். இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு நுண்ணோக்கி. அணுவைத் தனித்தனியாகக் காட்டும் அந்த மகாராணிக்கு, தூரத்தில் ஒரு லோக்கல் ரயில் போனாலே உடம்பு நடுங்கி, படம் கலைந்துவிடும்.

"செங்கல்பட்டு லோக்கல் நாலு நிமிஷம் லேட்டா வந்துகினு கீது. எவனும் மூச்சு வுடாத!" என்பார். விடமாட்டோம். கீழே கேன்டீனில் கிரைண்டர் ஓடினால் இறங்கிப் போய்ச் சண்டை போடுவார்.

"மாஸ்டர், அர மணி நேரம் நிறுத்து. மேல அணு ஆடுது."

"சட்னிய இன்னா, உங்க நைனாவா வந்து அரைப்பாரு?"

அண்ணாத்த சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே அரைப்பதாகச் சொல்லி அம்மி கேட்டார். மாஸ்டர் வெறுத்துப்போய் கிரைண்டரை நிறுத்தினார். அன்றைக்கு எல்லோருக்கும் இட்லிக்குப் பொடிதான்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். தங்கத்தின்மேல் இரும்பு அணுக்களை வரிசையாக உட்காரவைத்து, நடுநடுவே கரிம மூலக்கூறுகளைப் பாலமாகப் போட்டு ஒரு வலை பின்னுவது. ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணு எந்தத் திசை பார்க்கிறது என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். தெரிந்தபின் இரண்டும் ஒரே பக்கம் பார்க்குமா, எதிரெதிராகவா? அந்தச் சேதி பாலம் வழியாகப் போகிறதா, அடியிலிருக்கும் தங்கம் வழியாகவா? எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"நம்ம கைடு சாரும் ஹெச்.ஓ.டி.யும் பேசிக்க மாட்டாங்கல்ல?" என்றார் அண்ணாத்த. "ஆனா இவரு கெழக்க பாத்தா கரெக்டா அவரு மேற்க பாக்குறாரு. எப்பிடித் தெரியுது? நடுவுல கிளார்க்கு கீறாரு. அதான்டா பாலம்."

அவருக்கு வீடு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். அப்பா அந்தக் காலத்தில் அடுத்தவர் கழனியில் கூலி, இப்போது தொழிற்பேட்டையில் செக்யூரிட்டி. மகன் டாக்டர் ஆகப்போகிறான் என்று கேட்டில் நிற்கும் லாரி டிரைவர்களுக்கெல்லாம் தெரியும். போனில் தினமும் ஒரே கேள்வி: "ஏம்பா, அந்த இரும்பு எந்தப் பக்கந்தான் பாக்குதாம்?"

ஒருவழியாக விடை கிடைத்தது. "எல்லாம் ஒரே பக்கமா ஒத்துமையா கீதுப்பா," என்று அண்ணாத்த சொன்னபோது, எதிர்முனையில் அப்பா சிரித்தது எனக்கே கேட்டது. ஆய்வேட்டை எழுதி முடித்தார். தெளிவான படம் ஒன்று மட்டும் பாக்கி. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அவருடைய பதிவு ரத்தாகிவிடும்.

அப்போதுதான் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடக்கப்போவதாக ஒரு புயல் கிளம்பியது. மதியமே ரயில்களை நிறுத்திவிட்டார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, அண்ணாத்த மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவர்போல இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"புயல் வருதுண்ணாத்த!"

"புயல் இன்னும் வர்ல. ரயிலு நின்னுபோச்சு. வாடா!"

தங்கத் தகட்டைப் பிடித்திருக்கும் தாங்கியைச் சுத்தம் செய்வதற்காக ஸ்க்ரூவைக் கழற்றினார். கழன்ற ஸ்க்ரூ கீழே விழவில்லை. காந்தமேறிய திருப்புளியின் நுனியில் ஒட்டிக்கொண்டு அப்படியே மேலே வந்தது. அண்ணாத்த அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காந்தத்தில் ஒட்டும் எதுவும் அந்தத் தாங்கியில் இருக்கவே கூடாது.

வந்த புதிதில் அசல் ஸ்க்ரூவைத் தொலைத்தவன் நான். வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். அதே அளவில் கூடுவாஞ்சேரி ஹார்டுவேர் கடையில் ஒன்று வாங்கி, சத்தமில்லாமல் மாட்டிவிட்டேன். சொன்னேன்.

அவர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப அதுங்க ஒத்துமையா இல்லடா. இந்த ஸ்க்ரூவுக்குப் பயந்துகினு ஒரே பக்கம் பாத்துகினு இருந்திருக்குதுங்க," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாருக்கும் தெரியாதுண்ணாத்த. இருக்கறத வச்சி சப்மிட் பண்ணிடு."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேடா."

எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க அந்த மாதத்தில் நாள் இல்லை. மறுவாரம் சார் முன்னால் போய் நின்றார். "ஸ்க்ரூ நான்தான் சார் மாத்தினேன்," என்றார். "எட்டு வருஷம் படிச்சவன் பண்ற வேலையா இது?" என்று சார் கத்தினார். பக்கத்தில் நானும் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த அறையில் நான் நின்ற லட்சணத்தை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

பதிவு ரத்தாயிற்று. அண்ணாத்த ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நான் சரியான ஸ்க்ரூவைப் போட்டு மறுபடி அளந்தேன். பக்கத்து அணுக்கள் எதிரெதிராகத்தான் பார்த்தன, பாலம் வழியாகவே. எனக்குப் பட்டம் கிடைத்தது. முதல் போன் அவருக்குத்தான் போட்டேன்.

"எதிரும் புதிருமாவா கீது?" என்றார். "இரு, எங்கப்பாகிட்ட சொல்லணும். அவரு இன்னும் கேட்டுகினே கீறாரு."

யாராவது என்னை டாக்டர் என்று கூப்பிட்டால், எனக்குப் பின்னால் அவர் நிற்கிறாரோ என்று இன்றும் திரும்பிப் பார்க்கிறேன்.