பெருங்களத்தூரில் ஒரு கணப்பு

பெருங்களத்தூர்,
டிசம்பர் 9, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி அச்சுதனுக்கு அப்பா யக்ஞநாராயணன் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். டொரான்டோவில் நீயும் ஸ்ரீவித்யாவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். போனில் பேசினால் எனக்கு நா எழும்பாது. வாட்ஸப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். ஆகவே கடிதம். சொல்ல வேண்டியவை மூன்று:

1. ஹாலில் கட்டிய விறகுக் கணப்பு, நீ சொன்னபடி காஸுக்கு மாற்றப்பட்டுவிட்டது.
2. பெருங்களத்தூரில் குளிர் என்பது கிடையாது.
3. வரும் வியாழக்கிழமை கணப்பை இடித்துவிட்டு, அங்கே இருந்த ஜன்னலைத் திரும்ப வைக்கப் போகிறேன்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் காலையும் மாலையும் வெப்பமானி பார்த்துக் குறித்தவன் நான். என் கையால் எழுதிய மிகக் குறைந்த அளவு பதினேழு புள்ளி நான்கு. அதையும் சந்தேகப்பட்டு இரண்டு முறை பார்த்தேன். நீ கணப்புக்கு வரைபடம் அனுப்பியபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "குழந்தைகளுக்கு நம்ம வீடு மாதிரி இருக்கணும்ப்பா. ஃபயர்பிளேஸ் இருந்தா டிசம்பர்ல ஒரு மாசம் வந்து தங்கிடுவோம்" என்றாய். அந்த ஒரு மாதத்துக்காக, நான் பேப்பர் படிக்கும் கிழக்கு ஜன்னலை எடுக்கச் சம்மதித்தேன்.

கொத்தனார் உதயா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஹால்ல போயி வெந்நீர் அடுப்பு?" என்றார். குளிர்காய என்றேன். துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி, "யாருக்கு சார் குளுருது?" என்று கேட்டார், ஆனாலும் மனுஷன் சலவைக்கல் வளைவு வைத்து அழகாகத்தான் கட்டினார், உன் அம்மாவோ புது அடுப்பில் முதல் நெருப்பு பகவானுக்குத்தான் என்று பிடிவாதமாகச் சாஸ்திரிகளை வரவழைத்துக் கணப்புக்குள்ளேயே கணபதி ஹோமம் செய்ய வைத்தாள், அவர் சமித்தும் நெய்யும் போட்டுப் பத்து நிமிஷம் ஆவதற்குள் ஹாலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை, மந்திரம் மட்டும் இருமலுக்கு நடுவே கேட்டது, பக்கத்து வீட்டுக் கனகவல்லி டீச்சர் "ஐயோ, யாரோ உள்ள இருக்காங்க" என்று அலறிக்கொண்டு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து நெருப்பு என்று நினைத்துச் சாஸ்திரிகள் மேலேயே கொட்டிவிட்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. புகைபோக்கியின் உச்சியை உதயா கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார். "ஓட்டை வுட்டா மழத்தண்ணி வூட்டுக்குள்ள வந்துரும் சார். ஒரு சொட்டு எறங்காது, நான் கேரண்டி." உண்மை. ஒரு சொட்டு இறங்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்; மேலே ஏறிப் பார்க்காதது என் தவறாகவும் இருக்கலாம்.

வீடியோவில் இதைப் பார்த்து நீ வெகுநேரம் சிரித்தாய். "காஸுக்கு மாத்திடுங்கோப்பா. சிம்பிள்" என்றாய்.

காஸ் ஏஜென்சியிலிருந்து கிபாயத்துல்லா என்பவர் வந்தார். கணப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "சார், இது அடுப்பும் இல்ல, கெய்சரும் இல்ல. ஃபார்ம்ல என்னன்னு எழுதறது?" என்றார். அடுப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "எழுதிடலாம். எழுதிட்டா அடுப்பு இருக்கணும்ல? அதுவும் சிலிண்டரைவிட உசரத்துல இருக்கணும். ரூல் சார்." நான் ரூலை மீறியவனல்ல. ஆகவே இன்று நம் ஹாலில், உன் சலவைக்கல் வளைவுக்குள், கடப்பாக்கல் மேடை மேல், இரண்டு பர்னர் ஸ்டவ் ஒன்று கொலுவிருக்கிறது. உன் அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி. "ஏன்னா, சீரியலும் பாத்தாச்சு, சாம்பாரும் கொதிச்சாச்சு" என்கிறாள்.

போட்டோ அனுப்பினேன். நேற்று உன் பதில் வந்தது. நிஜ நெருப்பு இல்லையென்று குழந்தைகளுக்கு வருத்தமாம். இந்த டிசம்பருக்கு மெக்ஸிகோ போகிறீர்களாம். அங்கே நல்ல வெயில் இருக்குமாம். அதை மூன்று முறை படித்தேன். வெயிலுக்காக மெக்ஸிகோ! அச்சுதா, எங்களிடம் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருந்ததே. கேட்டிருந்தால் ஜன்னலையாவது எடுக்காமல் இருந்திருப்பேன்.

எனவே மூன்றாவது விஷயம். வியாழன் காலை எட்டு மணிக்கு உதயா கடப்பாரையோடு வருகிறார். இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. சரியாக வருகிறதா என்றும் தெரியவில்லை.

ஸ்ரீவித்யாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் போகிற இடத்தில் வெயில் நன்றாக அடிக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: செவ்வாய்க்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று காலை ஐந்தரைக்கு வெப்பமானி பார்த்தேன்: இருபத்திரண்டு புள்ளி ஆறு. அதற்கு யாரும் நடுங்க மாட்டார்கள். பிறகு, உங்களுக்காகத் தயார் செய்திருந்த அறையில் விரிப்புகளை எடுத்து மடித்து வைக்கப் போனேன். நான்காவதை மடித்து வெளியே வந்தபோது எனக்குக் குளிர்ந்தது. வெப்பமானியைத் திரும்பப் பார்த்தேன். அதே அளவுதான். ஒரு பர்னரைப் பற்றவைத்து, எதிரே நாற்காலி போட்டு, கைகளை நீட்டி உட்கார்ந்தேன். உன் அம்மா பால் பாத்திரத்தோடு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுத்த பர்னரையும் பற்றவைத்தாள். "பால் அப்புறம் காய்ச்சிக்கலாம்" என்றாள்.

உதயாவுக்குப் போன் செய்து வியாழக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே இரண்டாவதாக எழுதியிருப்பது தவறு. திருத்திப் படித்துக்கொள்ளவும்.