கேட்பதைப் பற்றிப் பேசுகிறவர்

டில்லியில் குரங்குகளுக்கு அடுத்தபடியாகப் பெருகியிருக்கும் இனம் ஒன்று உண்டென்றால், அது வாய்மொழி மரபைக் காப்பாற்றக் கிளம்பிய அறிஞர் இனம்தான். பார்த்திருப்பீர்கள். கதர் குர்த்தா, சணல் பை, எந்த மலையிலும் யாரும் போடாத ஒரு கொட்டை மாலை. என்றோ ஒரு தடவை ஜீப்பில் மலையேறி வயிற்றுப்போக்கோடு இறங்கியிருப்பார். அன்றிலிருந்து எதைப் பேசினாலும் "நான் என் மக்களோடு வாழ்ந்த காலத்தில்" என்றுதான் தொடங்குவார். "முதலில் நாம் கேட்கக் கற்க வேண்டும்" என்று மணிக்கணக்கில் முழங்குவார். நடுவில் நீங்கள் வாயைத் திறக்க முடியுமா? நடக்காது.

நம் ராஜாராமன் சார் இதில் முதல் தரம். ஆர்.கே.புரத்தில் அவர் நடத்திய கருத்தரங்குக்கு மலைக்கிராமத்துச் செங்கம்மாளை ரயிலேற்றிக் கூட்டிவந்தார். அந்தம்மாள் சால்வைக்காக வரவில்லை. எந்த ஊற்று எப்போது வற்றும், எந்தக் காயைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு கதைக்குள் இருக்கிறது. அது அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வேண்டும் என்று கேட்கத்தான் வந்தார். முடிவு செய்யவேண்டிய அதிகாரி வைதேஹி முன்வரிசையில் இருந்தார்.

சார் பேசி ஓய்ந்தபோது பக்கத்து அறையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டின் சோலே மசாலா மணக்க ஆரம்பித்துவிட்டது. செங்கம்மாள் நாலு வரி சொன்னார். நிறுத்தினார். சபை மொபைலைத் தடவிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா, ஜல்தி!" என்றார் சார்.

"யாராச்சும் உம் கொட்டுங்க சாமி. கேக்க ஆளில்லேன்னா எங்க கதை நகராது."

சார் மைக்கைப் பிடுங்கினார். "கவனித்தீர்களா? இந்த மௌனம்! இதுவே ஒரு பழங்குடி அறிவு!"

கைதட்டல். சால்வை. சாப்பாடு.

வைதேஹி மட்டும் தட்டை ஓரமாக வைத்துவிட்டுச் செங்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "உம்," என்றார். கதை நகர்ந்தது. காடு ஏறியது, ஊற்றை நெருங்கியது. சார் மோப்பம் பிடித்து ஓடிவந்தார்.

"மேடம், இப்ப உம்னு சொன்னீங்களே, அதைப் பத்தி நான் ஒரு கட்டுரையில..."

செங்கம்மாள் வாயை மூடிக்கொண்டார். "அவரு கதை முடியட்டும் தாயி."

சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சார் கதை முடியவில்லை. பாதிக் கதையை எப்படிப் பாடமாக்குவது என்று வைதேஹி கையை விரித்துவிட்டார்.

சிரிக்கிறீர்களாக்கும்? நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று எழுந்து போனாரே. மீதி என்னவென்று கேட்டீர்களா?