அணிப் புத்தகத்தில் வளர்ந்தவன்

அங்குலக்காரர் என்றொரு இனம் உண்டு. எங்கள் பென்சில்வேனியாவில், கையாலேயே ஆடும் எங்கள் கால்பந்து தொடங்கியதும் மைதானப் படிகளில் காளான் மாதிரி முளைத்துவிடுவார். பையன் பந்தை எப்படி எறிகிறான் என்று பார்ப்பாரா? மாட்டார். எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்றுதான் பார்ப்பார்.

எங்கள் ஊர் அங்குலக்காரர் லெனார்ட் பாவ்லிக், ஆணியும் சுத்தியலும் விற்பவர். அவர் சொன்னால் ஊரே தலையாட்டும். போன பயிற்சியாளருக்கு வேலை போனதே இவர் வாயால்தான். இந்த வருஷம் புதிதாக வந்தவர் பள்ளி அணிக்குப் பந்தெறியும் குவார்ட்டர்பேக்காக டோபி மார்கெட்டியை நிறுத்தியதும் மனிதர் கொதித்துப் போனார்.

"அந்தப் பொடியனா? முன்னால அஞ்சு தடியனுங்க மதில் மாதிரி நிப்பானுங்க. இவன் எதைப் பாத்து எறிவான், அவனுங்க முதுகையா?"

புதுப் பயிற்சியாளர் ரூடி வாதாடவில்லை. ஆட்டத்தன்று விற்கும் அணிப் புத்தகத்தில் டோபியின் பெயருக்கு நேரே 'ஆறடி இரண்டங்குலம்' என்று அச்சடித்துவிட்டார். எல்லா ஊரும் ஓரங்குலம் நீட்டும். இவர் ஐந்து நீட்டினார். அச்சில் வந்தபின் அப்பீல் உண்டா?

"பாத்தீங்களாய்யா, மேலேர்ந்து பாக்கறான்! உசரம்னா இது!" என்று லெனார்ட் படியில் நின்று கூத்தாடினார். டோபியோ தடியர்களின் இடுக்கில் எட்டிப் பார்த்து, பக்கவாட்டில் ஓடி ஓடி எறிந்துகொண்டிருந்தான். ஜெயித்துக்கொண்டே போனோம்.

இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள், உணவுக்கடையில் பியரோகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்த டோபியைக் கட்டிக்கொள்ள ஓடினார் லெனார்ட். பையன் எழுந்து நின்றான். மூக்கோடு மூக்கு இடித்தது.

'குள்ளன்' என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குப் பையன் பெஞ்சில், ரூடி வீட்டில்.

லெனார்ட் டோபியின் உச்சந்தலையைப் பார்த்தார். தன் தலையைத் தடவிக்கொண்டார். கூட வந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார்.

"ஐரீன்! நான் ஆறடி ரெண்டுடீ! இத்தனை வருஷமா என்னைக் குட்டைன்னு சொல்லிட்டிருந்தியே!"

"சரிங்க. வாசல்ல குனிஞ்சு வாங்க, இடிச்சுக்கப் போறீங்க."

குனிந்துதான் போனார். மறுநாள் டோபி ஆடினான், கோப்பை எங்கள் ஊருக்கு வந்தது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். எங்கள் நாட்டில் கார் ஓட்டும் உரிமத்தில் உயரமும் இருக்கும்; அப்படியே உங்களுடையதை எடுத்து, அதில் போட்டிருக்கும் உயரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். யார் அளந்தது அதை? நீங்கள் சொன்னீர்கள், உரிம அலுவலக அம்மாள் எழுதிக்கொண்டாள். செருப்பைச் சேர்த்தா சொன்னீர்கள், சேர்க்காமலா?